சாப்பாட்டுக்கு முன் ஓர் அதிரசம்

கோபுரத்தில் விளக்கு ஏறியதைப் பார்த்துத்தான் ஊரார் இலை போடுவார்கள் என்றிருந்த ஒரு காலம். அந்தக் காலத்தில் ஆற்றங்கரை நாடு ஒன்றைச் செண்பகவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். கோபமும் சட்டென்று வரும், சிரிப்பும் சட்டென்று வரும். எது முதலில் வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவருடைய அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் கூத்தபிரான். அரண்மனை யானைப்பாகனின் மகன். அரசரும் அவனும் ஒரே முற்றத்தில் புழுதி அளைந்து வளர்ந்தவர்கள். அதனால் அந்தப்புரம் வரைக்கும் அவனுக்குத் தடையில்லாமல் போய்வர உரிமை இருந்தது. அந்த உரிமைதான் பிரதானி உடையாரப்பரின் கண்ணை உறுத்தியது. தாம் நாளெல்லாம் எடுத்துச் சொல்லும் யோசனைக்குத் தலையாட்டக்கூட மறக்கும் அரசர், இவன் ஒரு வார்த்தை சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

அரசருக்கு ஒரே மகள், தேமொழி. இன்னும் பால்பல் விழாத வயது. மாலையில் அவை கலைந்ததும் அரசர் வேறெங்கும் போக மாட்டார். நேராக அந்தப்புரத்துக்குத்தான் போவார். மேலாடை மடிப்பில் ஓர் அதிரசமோ, கருப்பட்டிப் பாகில் பிடித்த பொரி உருண்டையோ ஒளிந்திருக்கும். குழந்தை படிக்கட்டில் காத்திருப்பாள். ஓடிவந்து அவருடைய மேலாடையைப் பிடித்து இழுத்து, மடிப்பு மடிப்பாகத் துழாவி எடுத்துத் தின்பாள். அவள் தின்று முடிக்கும்வரை அரசர் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சற்று நேரத்தில் விளக்கேற்றி இலை போட்டால் தேமொழி வாயை இறுக்க மூடிக்கொள்வாள்.

"பசிக்கலை."

தாதிமார் கெஞ்சுவார்கள், நிலாவைக் காட்டுவார்கள், மயிலைக் காட்டுவார்கள். ஒன்றும் பலிக்காது. ராணி குழலிநாச்சியார் பொறுத்துப் பார்த்தார். குழந்தையின் கன்னம் வற்றுவதைக் கண்டதும் பொறுமை போய்விட்டது.

"ஒரு அதிரசத்துல நாடு முழுகிடுமா?" என்றார் அரசர்.

"நாடு முழுகாது. அவ வயித்துல சோறுதான் இறங்காது. எலும்பும் தோலுமா ஆனப்புறம் உங்க அதிரசம் வந்து தூக்கி நிறுத்துமா?"

பேச்சு தடித்தது. அரசருக்குக் கோபம் முந்திக்கொண்டது. "இளவரசிக்குச் சாப்பாட்டுக்கு முன் இனிப்பு கொடுக்கப்படும். இது அரச ஆணை" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். ராணியும் விடவில்லை. அந்தப்புரத்தில் ராணியின் சொல்லுக்கே அதிகாரம் என்பது அந்த நாட்டு வழக்கம். "இளவரசிக்குச் சாப்பாட்டுக்கு முன் இனிப்பு கிடையாது. இது என் ஆணை" என்றார்.

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தாதிமார் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒருவர் ஆணையைக் காப்பாற்றினால் இன்னொருவர் ஆணை உடையும். மாலை வந்தாலே அவர்கள் தூண் மறைவைத் தேடத் தொடங்கினார்கள்.

உடையாரப்பர் இப்படியொரு சமயத்துக்குத்தான் காத்திருந்தார். சில நாள் கழித்து அவையில் எழுந்து வணங்கினார்.

"அரசே! ஓர் அரண்மனையில் இரண்டு ஆணைகள் மோதிக்கொள்வது நாட்டுக்கு நல்லதன்று. இந்தச் சிக்கலை அவிழ்க்கக்கூடியவர் நம் அவையில் ஒருவரே. அந்தப்புரத்துக்கும் அவைக்கும் தடையின்றிப் போய்வரும் கூத்தபிரான்."

"எப்படி அவிழ்ப்பான்?" என்றார் அரசர் எரிச்சலோடு.

"சாப்பாட்டுக்கு முன் இனிப்பு கொடுக்கவும் வேண்டும், கொடுக்காமலும் இருக்க வேண்டும். இரண்டு ஆணைகளும் எழுத்துப் பிசகாமல் நிறைவேற வேண்டும். நாளை மாலைக்குள் இதைச் செய்து காட்டட்டும். முடியாவிட்டால், இத்தனை காலம் சிரித்துப் பேசியே சோறு தின்றவர் என்றாகும். அப்படிப்பட்டவருக்கு ஆற்றுக்கு அக்கரைதான் தகுந்த இடம்."

வீட்டில் ராணியின் முகம், அவையில் இந்த வழக்கு. அரசருக்குத் தலை வெடித்தது. "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டார். சொன்ன பிறகுதான் கூத்தபிரானைப் பார்த்தார். அவன் சிரிக்கவில்லை.

உடையாரப்பர் அதோடு நிற்கவில்லை. மடைப்பள்ளி அவருடைய பொறுப்பில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தை மாற்றி இவன் தப்பிவிடக் கூடாதே என்று, மறுநாள் மத்தியானச் சமையல் முடிந்த பிறகு கோபுர விளக்கு ஏறும்வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சமையற்காரர்களுக்குச் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலையில் கூத்தபிரான் ராணியைப் பார்க்கப் போனான். வழக்கமாக வாசலிலேயே ஏதாவது வேடிக்கை பேசிக்கொண்டு நுழைபவன் அன்று கைகட்டி நின்றான்.

"என்ன கூத்தபிரான், அவருக்காகப் பேச வந்தியா?"

"இல்ல தாயே. அக்கரைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நம்ம அரசரோட அப்பா, பெரிய அரசரை நீங்க பார்த்ததில்ல. சாயங்காலம் அவை கலைஞ்சு வர்றப்போ மேலாடை மடிப்புல பொரி உருண்டை வெச்சிருப்பார். சின்னப் பசங்களா நானும் நம்ம அரசரும் படியில உட்கார்ந்திருப்போம். இவரு ஓடிப்போய்த் துழாவுவார். கிடைச்சதை உடைச்சு எனக்கும் ஒரு துண்டு தருவார். ஒருநாள் சண்டைக்குப் போன பெரியவர் திரும்பி வரல. அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு இவர் அந்தப் படியிலதான் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்."

ராணி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"அதட்டத் தெரிஞ்ச அளவுக்கு அவருக்குச் சொல்லத் தெரியாது தாயே."

ராணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என் கதையும் அப்படித்தான். எங்க அம்மா எங்க எல்லாரையும் சுத்தி உட்கார வெச்சு, சோத்தைப் பிசைஞ்சு கையில உருட்டிப் போடுவாங்க. எங்களுக்கு அதுதான் அம்மா. இங்க என் பொண்ணுக்குத் தாதி ஊட்டுறா, பரிசாரகர் பரிமாறுறார், நான் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன். நாளெல்லாம் பாட்டு, படிப்புன்னு போற பொண்ணு என் பக்கத்துல உட்கார்றது அந்த ஒரு வேளைதான். அந்த நேரத்துல அவ வாயை மூடிக்கிட்டு எழுந்து போயிட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

கூத்தபிரான் தலைகுனிந்து நின்றான். உடையாரப்பர் அவையில் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் திருப்பிப் பார்த்தான். சாப்பாட்டுக்கு முன். சாப்பாட்டுக்கு முன். மெல்ல அவன் முகம் மலர்ந்தது.

"தாயே, சாயங்காலம் மடைப்பள்ளியில அடுப்பு எரியாதாம், பிரதானியார் தடை. மத்தியானச் சோறு கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்க. தயிரும் வேணும். மிச்சத்தை நீங்கதான் செய்யணும்."

வெயில் சாயத் தொடங்கியபோது அந்தப்புரத்து முற்றத்தில் ராணி தரையில் உட்கார்ந்தார். வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆறிய சோற்றில் பாலும் தயிரும் ஊற்றி, உப்புப் போட்டு, குழையப் பிசைந்தார். அடுப்பு பற்றவைக்கத் தேவையில்லாத சாப்பாடு. உடையாரப்பரின் தடைக்கு அங்கே வேலையில்லை. பிசையப் பிசைய ராணியின் கைக்குப் பழைய பழக்கம் திரும்பி வந்தது. ஓரத்தில் நின்ற கூத்தபிரானுக்குத் தயிர்ச்சோற்று மணம் மூக்கில் ஏறியது. அவனுக்கு எதுவோ நினைவுக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தேமொழி ஓடிவந்து நின்றாள். "அம்மா, நீங்களா பிசையறீங்க?"

"ஆமா. உட்காரு."

"இப்பவேவா?"

"பசிக்கலையா?"

குழந்தை யோசித்தாள். பாட்டுப் படித்துவிட்டு வந்த களைப்பு. அதிரசம் இன்னும் வரவில்லை. பசித்தது. உட்கார்ந்து கையை நீட்டினாள். முதல் உருண்டை விழுந்தது. நார்த்தங்காய் ஊறுகாய்த் துணுக்கை நாக்கில் தொட்டுவிட்டுக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று வாங்கி வாங்கித் தின்றாள். கடைசிக் கவளத்தைத் தானே பாத்திரத்திலிருந்து வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். ராணி குனிந்தபடியே இருந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவை கலைந்தது. அரசர் வந்தார். பின்னாலேயே உடையாரப்பரும் சாட்சிக்கு நான்கைந்து பெரியவர்களும் வந்தார்கள். தேமொழி எழுந்து ஓடி மேலாடையைத் துழாவி அதிரசத்தை எடுத்தாள்.

"பொறுங்கள் இளவரசி!" என்றார் உடையாரப்பர். "அரசே, இன்னும் விளக்கேற்றவில்லை, இலை போடவில்லை. இப்போது தின்றால் ராணியாரின் ஆணை உடைந்துவிடும்."

"உடையாது" என்றான் கூத்தபிரான். "இளவரசி வயிறாரச் சாப்பிட்டாகிவிட்டது. ராணியாரே கையால் ஊட்டினார்கள்."

உடையாரப்பர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அப்படியானால் அரச ஆணை உடைந்தது! சாப்பாட்டுக்கு முன் இனிப்பு என்பதுதான் ஆணை. சாப்பிட்டு முடித்தபின் கொடுப்பது எப்படி ஆணைப்படி ஆகும்? கூத்தபிரான், மூட்டையைக் கட்டிக்கொள்ளும்."

கூத்தபிரான் அரசர் பக்கம் திரும்பி வணங்கினான்.

"அரசே, தாங்கள் சாப்பிட்டாகிவிட்டதா?"

"இல்லை."

"பிரதானியார் சாப்பிட்டாகிவிட்டதா?"

"என்ன கேள்வி இது? நான் எப்படி இந்நேரத்தில்..."

"ஆக, இந்த அரண்மனையில் அரசருடைய சாப்பாட்டுக்கு முன், பிரதானியாருடைய சாப்பாட்டுக்கு முன், இளவரசிக்கு இனிப்பு கிடைக்கிறது. இளவரசியுடைய சாப்பாட்டுக்கு முன் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் என்றுதான் ஆணை. யாருடைய சாப்பாடு என்று அரசரும் சொல்லவில்லை, ராணியாரும் சொல்லவில்லை. அவையில் எழுந்து எழுத்துப் பிசகக் கூடாது என்று கேட்ட பிரதானியாரும் சொல்லவில்லை."

சாட்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். உடையாரப்பரின் முகம் வெளிறியது. எல்லாரும் அரசரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் சிரிக்கவில்லை. வழக்கம்போலப் படியில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேமொழி அதிரசத்தை ஒரு கடி கடித்தாள். வயிறு நிறைந்திருந்ததால் அதற்கு மேல் முடியவில்லை. "நீங்க தின்னுங்கப்பா" என்று மிச்சத்தை அவர் வாயில் திணித்தாள்.

அந்தச் சின்னக் கையில் தயிர்ச்சோறும் நார்த்தங்காயும் மணத்தன. அரசர் அந்தக் கையைப் பிடித்து அப்படியே முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"டேய் கூத்தா... அப்பா வர்றதுக்கு முன்னாடி... அம்மா நம்ம ரெண்டு பேருக்கும்..."

"ஆமா அரசே. தயிர்ச்சோறு. என்னையும் பக்கத்துல உட்கார வெச்சுத்தான் போடுவாங்க. எனக்கும் இன்னிக்குத்தான் ஞாபகம் வந்தது."

"முழுசும் மறந்து போயிருந்தேன்டா. அப்பாவோட பொரி உருண்டை மட்டும்தான் மனசுல நின்னுது."

ராணி எழுந்து பக்கத்தில் வந்தார். அத்தனை நாளுக்குப் பிறகு அரசரைப் பார்த்து நேராகப் பேசினார். "அவ சாப்பிட்டாச்சு. நீங்க இன்னும் சாப்பிடல. இப்ப அதிரசம் உள்ள போயிடுச்சு. ராத்திரிச் சோறு எப்படி இறங்கப் போகுது?"

வாய் நிறைய அதிரசத்தோடு அரசர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள்! அப்படியொரு சிரிப்பை அந்த முற்றம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. குழந்தை சிரித்தாள், ராணி சிரித்தார், தூணுக்குப் பின்னால் நின்ற தாதிமாரும் சிரித்தார்கள்.

"உடையாரப்பரே," என்றார் அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடுப்பு பற்றவைக்கத் தடை போட்டது நீர்தானாமே? மத்தியானச் சோறு இருந்ததால் பிழைத்தோம். இனிமேல் தினமும் மாலையில் மடைப்பள்ளி அடுப்பை உம் கையாலேயே பற்றவையும். குழந்தைக்குச் சுடுசோறு நேரத்தோடு கிடைக்கட்டும்."

பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். "இது அவைக்காக. உனக்குன்னு என்ன வேணும், கேள்."

கூத்தபிரான் தயங்கினான். "எனக்கும் பிள்ளைங்க இருக்கு அரசே. அவை கலைஞ்சு, தங்களுக்குக் கதை சொல்லி, நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தூங்கிப் போயிடுதுங்க. விளக்கேத்துற நேரத்துக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினா போதும்."

அரசர் அவன் தோளைத் தட்டினார். அந்தக் கணமே அனுப்பிவைத்தார். போகும்போது அவன் மேலாடை மடிப்பில் தம் கையாலேயே நிறைய அதிரசங்களை வைத்துக் கட்டிவிட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வரும் அப்பாவைக் கண்டு பிள்ளைகள் தெருமுனைக்கே ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் மேலாடையைப் பிடித்து இழுத்தார்கள். கூத்தபிரான் சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்க்கப் போனான்.

வாசற்படியில் அவன் மனைவி கரண்டியோடு நின்றிருந்தாள்.

"என்னங்க மடியில? சோறு இன்னும் வேகலை. அப்படியே கொண்டுவந்து உள்ள வையுங்க."