எடுக்க விடாத இலை

கடலோரத்து மடம் ஒன்றின் தலைவி மீனலோசனி அம்மா. வயது நாற்பதுகூட இருக்காது. அவளுடைய சீடர் வயிரவநாதனோ பேரன் பேத்தி எடுத்தவர். நல்ல மனுஷர்தான், கொஞ்சம் முன்கோபம்.

அந்த வருஷம் கடல் தாண்டிப் படகில் சனங்கள் வந்து இறங்கினார்கள். அடைக்கலம் கேட்ட மனுவுக்குத் தீர்ப்பு வரும்வரை அவர்களை யாரும் கூலிக்கு வைக்கக் கூடாது என்று சட்டம். மடத்துக்குப் பக்கத்து உப்புக் கிடங்கில் தங்கவைத்தார்கள். அம்மா சீடரிடம் சொன்னாள்:

"கூலிதான் கூடாது. மடத்துத் தொண்டுக்கு யாரும் தடை சொல்லல. தோட்டம் இருக்கு, அடுக்களை இருக்கு, வைத்தியசாலை இருக்கு. பாத்துச் செய்யுங்க."

வயிரவநாதன் தலையாட்டினார். ஆனால் மனசு ஒப்பவில்லை. உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் போய் வேலை வாங்குவதா, சீ!

முதல் நாள் பந்தியில் நாகபூஷணி என்ற பெண் சாப்பிட்டு முடித்துத் தன் இலையை எடுத்தாள். படகில் புருஷனைப் பறிகொடுத்தவள். வயிரவநாதன் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்.

"விடுங்கம்மா. விருந்தாளி இலை எடுத்தா மடத்துக்கு ஆகாது."

"என்ர இலைதானே ஐயா."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

இன்னொரு நாள் கேட்டாள். "அடுப்படியில ஏதும் வேலை இருந்தாத் தாங்கோ. மரக்கறி எண்டாலும் வெட்டித் தாறன்."

"இங்க உங்களுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை ஐயா."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. முன்பு அப்படிக் கேட்டிருந்த வேறு இருவரையும் இவர் கையெடுத்துக் கும்பிட்டே உட்காரவைத்திருந்தார்.

மழைக்காலம் போனது. முதலில் சத்தம் குறைந்தது. கிடங்கு நிறைய ஆள் இருக்கும், ஒரு இருமல் கேட்காது. இவர் சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நுழைவார்.

பிறகு ஒருநாள் கிணற்றடியிலிருந்து நாகபூஷணி முன்னே நடந்தாள், இவர் பின்னே வந்தார். ஈர மணல். திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு ஆளின் காலடிதான் இருந்தது. தன் காலை அதில் வைத்துப் பார்த்தார். அவருடையதுதான். காற்று கலைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்குக் காற்றே இல்லை.

அப்புறம் காக்கைகள் வந்தன. பந்தி போடுவதற்கு முன்பே வந்து உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். இலை போட்டதும் இறங்கி, நாகபூஷணியின் இலையில் வாய் வைக்கும். அவள் விரட்டவில்லை. ஒன்று அவள் முழங்காலிலேயே ஏறி நின்றது.

"ச்சூ" என்று இவர் துண்டை வீசினார். காக்கை இவரைப் பார்த்தது. நகரவில்லை. அப்போதுதான் கவனித்தார். அவள் சாய்ந்திருந்த சுவரின் உப்புக் கறை, அவள் தோளுக்குள்ளாகத் தெரிந்தது.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க ஏதோ புகுந்திருக்கு. அந்தப் பொண்ணு தங்கமாட்டா. ஏதாச்சும் மந்திரிக்கணும்."

"சாப்பிடுறாளா?"

"காக்கா சாப்பிடுது."

"ஏதாவது கேட்டாளா?"

"வேலை கேட்டா. நான் குடுக்கல."

அம்மா கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். நாகபூஷணியின் மடியில் முறத்தை வைத்தாள்.

"எனக்கு இடுப்பு ஒடியுது. இதை ஆஞ்சு குடு. காம்பு கிடந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

முறம் மடியில் நிற்குமா, கீழே விழுமா என்று வயிரவநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றது. கைகள் அசையவில்லை. காக்கை முறத்தின் விளிம்புக்கு ஏறியது. அம்மாவும் போகவில்லை, கடன்காரி மாதிரி அங்கேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து ஒரு விரல் ஒரு காம்பைத் தொட்டது.

"இது முத்தின இலையெல்லே. ஆர் பறிச்சது?"

"இந்தா நிக்கிறாரே, இவர்தான்."

"ஐயாவுக்கு இலை பறிக்கத் தெரியேல்லை" என்றாள் நாகபூஷணி. காம்பை ஒடித்தாள். அந்தச் சத்தத்துக்குக் காக்கை பறந்தது.

ஆளே இல்லை என்று இவர் நினைத்திருந்த மூலையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. "அம்மா, எனக்கும் ஏதும் தாங்கோ."

கீரையை அலச நாகபூஷணி கிணற்றடிக்குப் போனாள். மணலில் முதலில் குதிகால் மட்டும் பதிந்தது. போகப்போக விரல்களும் பதிந்தன. அதைப் பார்த்து வயிரவநாதன் அழுதுவிட்டார்.

மடத்துக்குத் திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டார். "நான் என்னம்மா குத்தம் செஞ்சேன்? தலைவாழை இலை போட்டேன். கேக்காமலே எல்லாம் பரிமாறினேன். ஒரு துரும்பைத் தூக்க விடல."

"உங்க அப்பாவுக்குத் திதி கொடுக்கிறீங்களே, எப்படி?"

"இலை போட்டு, அவருக்குப் பிடிச்சதெல்லாம் வைப்பேன்."

"அவரை ஏதாவது வேலை செய்யச் சொல்வீங்களா?"

"போனவரை எப்படிம்மா..."

"இலையை யார் எடுப்பா?"

"நான்தான்" என்றவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

அம்மா நிற்கவில்லை.

"காக்கா தப்பா வரல ஐயா. நீங்கதான் கூப்பிட்டிருக்கீங்க."