மீனைத் திருப்பும் நேரம்

"டீச்சர், கிதாரை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் எட்வின்.

புதுச்சேரிக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இருபது வருடமாக ஞாயிறு மதியம் ஜாஸ் கிதார் வாசிக்கிறவர். டீச்சர் செலஸ்தீன் அவரைவிட நாலு வயது சின்னவர். அவருக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்து, இப்போது அதே மேடையில் பக்கத்தில் பேஸ் கிதார் வாசிக்கிறார்.

"ஏன்?"

"ஒருத்தரும் நிமிர்ந்து பாக்க மாட்டேங்கறாங்க. வாராவாரம் புதுசா, உயிரைக் குடுத்து வாசிக்கிறேன். அவங்க மீன்ல முள் எடுத்துட்டிருக்காங்க."

ஜாஸில் தனி வாசிப்பை மனப்பாடம் செய்து ஒப்பிக்கக் கூடாது. அந்த நிமிஷத்தில் பிறக்க வேண்டும். இதில் எட்வின் படு கறார். எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

செலஸ்தீன் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே சமையல்கார அஞ்சலாட்சி வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மீனை எப்போ திருப்புவீங்க? இவருகிட்ட சொல்லுங்க."

"அதுக்கென்ன டீச்சர். சார் தனியா ஆரம்பிச்சதும் கல்லுல போடுவேன். குடுகுடுன்னு மேல ஏறி ஒரு மூச்சு நிறுத்துவாரு பாருங்க, அப்போ திருப்புவேன். எறங்கி முடிக்கறப்போ எடுத்துருவேன். பத்து வருஷமா ஒரு துண்டு கருகுனதில்ல."

சொன்னதோடு விடவில்லை. முழுவதையும் முணுமுணுத்தும் காட்டினார். ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

எட்வின் குறுக்கே புகுந்தார்.

"அந்த நிறுத்தம்... அது போன வாரம்தானே எனக்குத் தோணுச்சு!"

"எந்தப் போன வாரம் சார்?" என்றார் அஞ்சலாட்சி.

பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட எட்வினுக்கு இவ்வளவு வலித்திருக்காது. வாராவாரம் புதிதாக வாசிப்பதாக அவர் மனதார நம்பியிருந்தார்.

"ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? மணியாச்சு. வாங்க."

மேடையில் அவர் கிதாரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

தனி வாசிப்பு வந்தது. விரல்கள் தானாக மேலே ஏறின. அந்த இடமும் வந்தது.

அவர் நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்வரம் தப்பாக விழுந்தது. அதன் பின்னாலேயே போனார். எப்படி முடிப்பது? இருபது வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயமாக இருந்தது.

செலஸ்தீன் கண்ணை மூடிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி பேஸில் அவர் கூடவே வந்தார்.

உள்ளேயிருந்து மீன் கருகும் வாசனை வந்தது.

முள் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

சமையலறை வாசலில், கரண்டியும் கையுமாக, அஞ்சலாட்சி வாயைப் பிளந்து நின்றார்.