மாமனார் பெல்ட்டும் பாலக்காட்டுக் கணவாயும்

கோயமுத்தூர் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. நூற்றிருபது வீடு, இரண்டு லிஃப்ட், நடுவில் ஒரு புல்தரை. அங்கே ஏ பிளாக் மூன்றாவது மாடியில் குடியிருந்த வெள்ளிங்கிரி என்பவருக்கு அறுபத்து நாலாவது வயதில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்த சோதனை இது. அந்தச் சோதனையை அவரேதான் வாய் நிறையக் கூப்பிட்டு வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

விஷயம் சின்னதுதான். புல் வெட்டும் மிஷின் நகரவில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கிற ரகம். கைப்பிடியில் இருக்கிற கம்பியை அமுக்கினால் சக்கரம் தானாக உருளும். இப்போது இஞ்சின் ஓடியது, கத்தி சுற்றியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற பெல்ட் தேய்ந்து வழுக்குகிறது என்று தோட்டவேலை பார்க்கும் மயிலாத்தாள் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டார். சங்கமும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கூட்டம் போட்டது. ஒரு துணைக்குழு அமைத்தது. வாட்ஸ்அப்பில் எண்பத்து நாலு செய்தி ஓடியது, அதில் முப்பது காலை வணக்கம். மழை வேறு பெய்தது. புல் முழங்காலுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில், மெக்கானிக் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று செயலாளர் ரத்தினசபாபதி கையைப் பிசைந்தார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் புல்தரையில்தான் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அப்போது வெள்ளிங்கிரி எழுந்தார். "பெல்ட்டுதானுங்களே? பெல்ட்ட மட்டும் வாங்கிப் போடுங்க. மில்லுல ஒரு நாளைக்கு நாப்பது பெல்ட்டு மாத்துனவன் நான்" என்றார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதில் இனித்த இனிப்பில் ஆறு நாள் ஓடிப் போனது. ஏழாம் நாள் மிஷின் அவர் முன்னால் நின்றது.

செயலாளர் ஸ்பேனர் டப்பாவைத் திறந்து வைத்தார். "ஆரம்பிக்கலாமா சார்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொள்ளாச்சியில இருந்து அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க."

வெள்ளிங்கிரி மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேலே இஞ்சின், கீழே தகரம், பின்னால் புல் விழுகிற பை. பெல்ட் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. உள்ளே இருக்கிறதா, அடியில் இருக்கிறதா, எதைக் கழற்றினால் எது தெரியும்? மில்லில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர்தான், ஆனால் ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. சமாளிக்க அவரிடம் இருந்தது வாய் ஒன்றுதான். அது தானாகத் திறந்துகொண்டது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லீர்றனுங்க. மில்லுல நூல் ஓட்டுற மிஷின நிறுத்தவே விடமாட்டாங்க. ஓட்டத்துலயே பெல்ட்ட மாத்தோணும். எனக்கு ஒரு கையில பெல்ட்டு, இன்னொரு கையில டிபன் டப்பா. பழசு கழண்டு தரையில விழறதுக்குள்ள புதுசு ஏறியிருக்கும். பெல்ட்டு மாறுனது மிஷினுக்கே தெரியாது, பாத்துக்குங்க."

பக்கத்தில் நின்ற இந்திராணி டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார். "ஓடுற மிஷின்ல கையை விட்டா விரல் போயிடுமே?"

வெள்ளிங்கிரி பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "போயிருக்குதுங்களா? எண்ணிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் நிஜமாகவே எண்ணினார். "எண்ணிக்கை சரிதான். விளக்கம்தான் இடிக்குது."

பந்தல் போட வந்த ஆட்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்கள். கொஞ்ச தூரத்தில் மயிலாத்தாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரா, பதினாலா?" என்று செயலாளர் இரண்டையும் நீட்டினார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வெள்ளிங்கிரிக்குத் தெரியவில்லை. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டும் எதுக்குங்க? ஊட்டியில ஒரு ஸ்பேனரும் இல்லாம, பெல்ட்டே இல்லாம, பெல்ட்டு மாத்துனவன் நானு."

"பெல்ட்டே இல்லாம எப்படி மாத்துவீங்க?"

"அப்படிக் கேளுங்க டீச்சர். ஊட்டியில ஒரு பெரிய பங்களா. மலைச்சரிவு பூராப் புல்லு. இதே மாதிரி மிஷினு, இதே மாதிரி பெல்ட்டு அந்துபோச்சு. அங்க போயி எந்தக் கடையில வாங்கறது? என்ற மாமனார் கூட வந்திருந்தாருங்க. லாரி டிரைவரு. இடுப்புல வேட்டி மேல பச்சைக் கலர்ல அகலமா ஒரு தோல் பெல்ட்டு, முன்னால பர்ஸ் வெச்சது. 'மாமா, கழட்டுங்க'ன்னேன். மறுபேச்சு பேசலை. வேட்டியக் கையில புடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் அந்த பெல்ட்ட மிஷின்ல மாட்டிக் கயித்த இழுத்தனுங்க. அவ்வளவுதான்!"

"என்ன ஆச்சு?" பந்தல்காரர் ஒருவர் வாயைப் பிளந்தார்.

அடுத்து என்ன ஆனது என்று வெள்ளிங்கிரிக்கும் அப்போது தெரியாது. ஆனால் அவர் என்றைக்கும் யோசித்துப் புளுகியவர் இல்லை. ஒரு புளுகு வெளியே வந்ததும் அடுத்தது வரிசையில் நிற்கும். பயம் கூடக் கூட வரிசையும் நீளும்.

"மிஷினு கிளம்பிருச்சுங்க. புல்தரையத் தாண்டி, கேட்டத் தாண்டி, நேரா மேட்டுப்பாளையம் ரோட்டுல எறங்குது. நான் கைப்பிடிய விடலை. பதினாலு கொண்டை ஊசி வளைவுங்க. ஒவ்வொரு வளைவுலயும் தானா வேகத்தக் கொறைக்குது, ஓரமா ஒதுங்குது, எதுக்கால ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுது, அப்பறம் திரும்புது. நான் ஒண்ணும் பண்ணலை."

"அது எப்படித் தானா திரும்பும்?"

"மாமனாரு இருபத்தெட்டு வருஷம் அதே ரோட்டுல உருளைக்கிழங்கு லோடு அடிச்சவருங்க. பெல்ட்டுக்கு வழி பழக்கம்."

மயிலாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருங்க" என்றார் டீச்சர். "அந்த மிஷின்ல பெட்ரோல் டேங்க் ஒரு லிட்டர்தான் பிடிக்கும். ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல."

"இறக்கம்தானுங்களே? இறக்கத்துல பெட்ரோல் செலவாகாது, திரும்ப ஊறும். கல்லாறு வர்றப்ப மூடியத் தொறந்து பாத்தேன், தளும்புது."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், பத்தே முக்கால் ஆச்சு..."

"கல்லாறுல யானைங்க!" என்று வெள்ளிங்கிரி குரலை உயர்த்தினார். "ரோட்ட மறிச்சு இருபத்தாறு யானை. கொம்பன் ஒருத்தன் முன்னால நிக்கிறான். மிஷினு நின்னுதுங்களா? நிக்கலை. அவன் நாலு காலுக்கு நடுவுல பூந்து அந்தப் பக்கம் வந்துருச்சு. நானும் குனிஞ்சு வந்துட்டேன். திரும்பிப் பாத்தா, பின்னால பையில இருந்து சிந்தற ஊட்டிப் புல்லு வாசத்துக்கு இருபத்தாறும் வரிசை கட்டி வருது. ரேஷன் கடையில நிக்கிற மாதிரி. ஒண்ண ஒண்ணு முந்தலை. குட்டிங்களுக்கு மட்டும் முன்னால எடம் விட்டுதுங்க."

"குனிஞ்சு வந்தேன்னீங்களே, ஓடிக்கிட்டா, நடந்துக்கிட்டா?"

"காலு தரையில பட்டாத்தானுங்களே ஓடுறதும் நடக்கறதும்."

பந்தல்காரர்கள் சிரித்து உருண்டார்கள். வெள்ளிங்கிரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இப்படியே பேசிக்கொண்டிருந்தால் மத்தியானம் ஆகிவிடும். மழை வரலாம். நிச்சயதார்த்தத்தை மண்டபத்துக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு துணுக்கு மேகம் இல்லை. சரி, பவானி ஆற்றில் இறங்குவோம் என்று முடிவு செய்தார்.

"மேட்டுப்பாளையத்துல பவானி. ரெண்டு கரையும் தொட்டுட்டுத் தண்ணி போகுது. பாலத்துல கூட்டம். மிஷினு பாத்துது, ஆத்துலயே எறங்கீருச்சு. தண்ணிய வெட்டிக்கிட்டே போகுதுங்க. நாங்க அக்கரை ஏறி மூணு நாளைக்கு ஆத்து நடுவுல வகிடு எடுத்த மாதிரி கோடு நின்னுது. இந்தப் பக்க மீனு அந்தப் பக்கம் போக முடியாம தவிச்சுப் போச்சு."

"இஞ்சினுக்குள்ள தண்ணி போகலையா?"

"போறதுக்கு நேரம் கொடுத்தாத்தானுங்களே டீச்சர்?"

"சரி, மேட்டுப்பாளையம் வந்தாச்சு. இறக்கம் முடிஞ்சுது. இனிமே சமதளம். இப்ப நின்னுதா இல்லையா?" டீச்சர் இடுப்பில் கை வைத்தார். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சை மடக்குகிற குரல் அது.

"எப்படி நிக்கும்? மாமனாரோட லோடு மேட்டுப்பாளையத்துல எறங்காதுங்க. பாலக்காட்டு மார்க்கெட்டுக்குப் போகோணும். காந்திபுரம் சிக்னல்ல பச்சை விழற வரைக்கும் நின்னு, நேரா மேற்கால திரும்புச்சு. அங்க என்ன இருக்குது? மலை! வடக்கிருந்து தெக்கால வரைக்கும் ஒரே சுவரு. பெல்ட்டு யோசிக்கலை. மிஷினு உள்ள பூந்துருச்சு. கல்லும் மண்ணும் பைக்குள்ள வந்து விழுது, நான் பையக் கொட்டறேன், மறுபடியும் ரொம்புது, கொட்டறேன். விடியறதுக்குள்ள அந்தப் பக்கம் பாலக்காடு தெரியுது. மார்க்கெட்டுல மாமனாரு வழக்கமா லோடு எறக்கற கடை வாசல்ல போயி கம்முனு நின்னுக்கிச்சு. ஆளுங்க ஓடியாந்து மூட்டை எங்கன்னு கேக்கறாங்க."

பந்தல்காரர்கள் மேற்கே திரும்பிப் பார்த்தார்கள்.

"அதாவது," டீச்சர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார், "பாலக்காட்டுக் கணவாயை நீங்க வெட்டினீங்க."

"நான் எங்கீங்க? பெல்ட்டு."

"நான் எழுபத்தெட்டுல காலேஜ் படிக்கும்போதே அந்தக் கணவாய் வழியாப் பாலக்காட்டுக்கு ரயில்ல போயிருக்கேன்!"

வெள்ளிங்கிரி ஒரு நொடி தடுமாறினார். ஒரே நொடிதான். "அப்ப இருந்தது ரயிலுக்குன்னு விட்ட சின்னச் சந்துங்க. சன்னலுக்கு வெளிய கைய நீட்டக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருந்தாங்களே, எதுக்குன்னு நெனச்சீங்க? இப்ப இருக்கற அகலம் நம்முளுது. ஆடி மாசம் ஊருக்குள்ள ஜில்லுனு காத்து வருதே, யாரு புண்ணியம்?"

பந்தல்காரர்கள் கைதட்டினார்கள். இந்தக் கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. ஆனால் இனிக்கவில்லை. கதை முடிந்துவிட்டது. கணவாயை வெட்டிய பிறகு வெட்டுவதற்கு என்ன மிச்சம்?

மணி பதினொன்றரை. செயலாளர் பம்ப் ரூமுக்குப் போய்க் கூரியரில் வந்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்து வெள்ளிங்கிரி மடியில் வைத்தார். "போதும் சார். கேட்டாச்சு. இப்ப நம்ம பெல்ட்டை மாத்துங்க."

இனி வழியில்லை. வெள்ளிங்கிரி பெட்டியைப் பிரித்தார். எல்லோர் முன்னாலும் 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெட்டிக்குள் கையை விட்டு பெல்ட்டை எடுத்தார்.

ஓரமெல்லாம் நார் பிரிந்து, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மழுங்கி, அங்கங்கே வெடித்துப் போன பெல்ட்.

"இதுவா புதுசு?" டீச்சர் குனிந்து பார்த்தார்.

"கூரியர்க்காரன் ஏமாத்திட்டானுங்க!" வெள்ளிங்கிரிக்கு உயிர் திரும்பி வந்தது. "பழச அனுப்பியிருக்கறான்! இத வெச்சு நான் என்னத்த மாத்தறது?"

"ஏமாத்தலீங்க சார்." மயிலாத்தாள் வாளியிலிருந்து எழுந்து வந்தார். "அது நம்ம மிஷின்ல இருந்து கழட்டி, நான்தான் அந்தப் பெட்டியில போட்டு வெச்சதுங்க. புதுசக் காலையில ஆறு மணிக்கே போட்டுட்டேன்."

"நீங்களா? எப்படிம்மா?" என்றார் டீச்சர்.

"பிளக் வயரப் புடுங்கி வெச்சுட்டு, பெட்ரோல எடுத்துட்டு, மிஷினச் சாச்சனுங்க. கத்தியக் கழட்டி, அடி மூடியக் கழட்டுனா உள்ள ஒரே புல்லு, சுரண்டி எடுத்தேன். பழைய பெல்ட்டு எப்படிச் சுத்தியிருக்குதுன்னு செல்லுல போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டுக் கழட்டுனேன். அதே மாதிரி புதுச மாட்டி, எல்லாத்தயும் திரும்பப் பூட்டி, பெட்ரோலும் ஊத்தி வெச்சுட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சுங்க. கத்தி போல்ட்டுதான் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு."

செயலாளருக்கு முகம் சிவந்தது. "அப்பவே வெட்ட வேண்டியதுதானேம்மா?"

"லீவு நாள்ல பத்து மணிக்கு முன்னால மிஷின் சத்தம் கூடாதுன்னு நீங்கதானுங்க நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க."

"பத்து மணிக்குச் சொல்லியிருக்கலாமே!"

"பத்து மணிக்கு சார் மிஷினுக்கு முன்னால நின்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. பெரியவங்க பேசறப்ப நடுவுல எப்படிங்க?" மயிலாத்தாள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். கயிற்றை இழுத்தார். கம்பியை அமுக்கினார். மிஷின் ஒரு குலுக்கலோடு கிளம்பி, புல்லைச் சீராகக் கடித்துக்கொண்டு பி பிளாக் பக்கமாகப் போனது. சரிவில் ஏறும்போதும் சக்கரம் வழுக்கவில்லை.

வெள்ளிங்கிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தப்பித்தோம் என்ற நிம்மதியில் கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. மெல்ல எழுந்து படிக்கட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

"சார், எங்க போறீங்க?" செயலாளர் ஸ்பேனர் டப்பாவோடு பின்னாலேயே வந்தார். "உங்க கைக்கு வேலை மிச்சமாயிடுச்சு, நல்லதாப் போச்சு. பி பிளாக் லிஃப்ட் கதவு பாதியில நின்னு நின்னு மூடுது. அதுலயும் ஒரு பெல்ட்தானாம். சம்பந்தி அம்மாவுக்கு முட்டிவலி, எங்க வீட்டுக்குப் படி ஏறி வர மாட்டாங்க. வாங்க, ஒரு பார்வை பார்த்துடுங்க."

லிஃப்ட்! ஆறு மாடி உயரமுள்ள இருட்டுக் குழி வெள்ளிங்கிரி கண்ணுக்கு முன்னால் திறந்தது. வாயைத் திறந்தார். வரிசையில் ஒரு புளுகுகூட நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தொண்டையிலிருந்து வேறொரு குரல் வந்தது.

"செயலாளரே, மன்னிச்சுக்குங்க. மில்லுல நான் டைம் ஆபீஸ்ல இருந்தவனுங்க. யாரு எத்தன மணிக்கு வந்தாங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதறதுதான் வேலை. மிஷினு ஓடற பக்கமே போனதில்லை. இன்னிக்கு வரைக்கும் ஒரு பெல்ட்டக் கூட மாத்துனதில்லீங்க."

அன்று காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

ரத்தினசபாபதி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்பேனர் டப்பாவை அவர் கையில் திணித்தார்.

"ஒரு வேலைக்குப் பயந்துக்கிட்டு இப்படியா சார் புளுகுறது?"