செங்கமலம் எடுத்த மடிப்பிச்சை

இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். முடிவில் தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுக்குத்தான். சொல்கிற எனக்கே ஒரு முடிவுக்கு வர இரண்டு நாள் பிடித்தது.

லால்குடியில் மருதமுத்து என்று ஒருவர் இருந்தார். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் கடுமை. பயிர் காய்கிற நேரத்தில் மோட்டார் எரிந்துபோய் யாராவது வந்து நின்றால், "அறுத்துட்டுக் குடு, போ" என்று கட்டிக் கொடுத்துவிடுவார். அறுத்த பிறகு வராதவனைத் தேடிப் போகவும் மாட்டார். ஆனால் தமக்கென்று எவரிடமும் ஒரு பைசா கேட்டதில்லை. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

அப்படிப்பட்டவருக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிற்று. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டை ஒரு பங்கைத் தாங்கியது. மனைவி செங்கமலத்தின் நகையும் கடைச் சாமான்களும் இன்னொரு பங்குக்கு ஆயிற்று. அதற்கு மேலும் நாற்பதாயிரம் வேண்டியிருந்தது.

மருதமுத்துவின் தங்கை தவமணி, "அண்ணன் போட்டோவப் போட்டு போன்ல அனுப்புவோம் அண்ணி. முகம் தெரியாதவங்ககூட உதவி பண்றாங்க" என்றாள். அவ்வளவுதான், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனைவியின் கையை இழுத்துத் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என் உசுருக்காக எவன் வாசல்லயும் நின்னு கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். மூச்சு வாங்குகிற மனிதரிடம் வேறென்ன செய்வாள், பாவம்.

மனிதர்களைக் கேட்க வழியில்லை. சாமியைக் கேட்கலாம் அல்லவா? சமயபுரத்து மாரியம்மனுக்கு மடிப்பிச்சை எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். மஞ்சள் சேலை கட்டி, வீடு வீடாக முந்தானையை ஏந்தி, கிடைத்த காசையெல்லாம் அம்மன் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். வசதியான வீட்டுப் பெண்களும் செய்கிற நேர்த்திக்கடன்தான் அது. அதில் யாருக்கும் மானம் போவதில்லை. புருஷனுக்காக நீட்டக் கூடாத அதே முந்தானையைச் செங்கமலம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த பாலக்கரைத் தெருக்களில் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஜனங்களும் தாராளமாகத்தான் போட்டார்கள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. டீக்கடை வகாப் பாய் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"வீட்ல யாருக்கும்மா முடியல?"

"வீட்டுக்காரருக்கு. நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணணுங்கிறாங்க."

அவர் கல்லாவிலிருந்து இரண்டாயிரம் எடுத்து வந்தார். "இத ஆஸ்பத்திரிக்கு வச்சுக்க. மீதிக்கும் கவலப்படாத. நாளைக்கு ஜும்மா. தொழுக முடிஞ்சதும் நானே நாலு பேருகிட்டச் சொல்றேன். பேரும் ஆஸ்பத்திரியும் மட்டும் சொல்லும்மா."

செங்கமலம் பணத்துக்குக் கை நீட்டவில்லை. சத்தியம் செய்த கை அவள் கண்முன் வந்து நின்றது. "ஆஸ்பத்திரிக்கு வேணாம் பாய். ஆத்தாளுக்குன்னா போடுங்க."

"சரிம்மா, ஆத்தாளுக்கே" என்று அதை மடியில் போட்டுவிட்டார். பெயர் சொல்லாமலே அவள் நடந்துவிட்டாள்.

மொத்தம் பதினோராயிரம் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை சமயபுரத்துக்குப் பஸ் ஏறும்போது தவமணி குறுக்கே நின்றாள். "உண்டியல்ல போடாத அண்ணி. இதயாவது கட்டுவோம். ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"அவ பேரச் சொல்லி வாங்கினது, தவமணி" என்றாள் செங்கமலம். ஒரு ரூபாய் குறையாமல் உண்டியலில் போட்டுவிட்டு, குங்குமத்தோடு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். புருஷனின் நெற்றியில் வைத்தாள். அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருதமுத்து மெல்லச் சொன்னார்:

"செங்கமலம்... யாரையாச்சும் கேட்டுப் பாரேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டறியாத வார்த்தை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் வெறுங்காலோடு பாலக்கரைக்கு ஓடினாள்.

"தொழுக முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சுட்டாங்களேம்மா" என்று ஒரு நிமிடம் திகைத்தார் வகாப் பாய். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கினார். பாத்திரக்கடைக்காரர், பூக்காரி, ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர்கள் என்று யாரும் இல்லையென்று சொல்லவில்லை. மாலை ஐந்து மணிக்கு நாற்பதாயிரத்தைத் துண்டில் முடிந்துகொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார்கள். மருதமுத்து நாலு மணிக்கே போய்விட்டிருந்தார்.

மறுநாள் லால்குடியில் அவர் வீட்டு வாசலில் மாலைகள் குவிந்தன. மோட்டார் கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஒவ்வொருவரும் செங்கமலத்திடம் கேட்டார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சத்தியம் வாங்கியவர் மருதமுத்து. அதைக் காத்தவள் செங்கமலம். உண்டியலில் போடாதே என்று தடுத்தவள் தவமணி. இதில் யார் செய்தது சரி? தவறு எந்த இடத்தில் நடந்தது?

என் பதில் இது. உண்டியல் விஷயத்தில் செங்கமலம் செய்ததே சரி. அம்மனுக்கென்று வாங்கியது அம்மனுக்குத்தான். தவமணி சொன்னதில் பாசம் இருந்தது, நியாயம் இல்லை. அந்தப் பதினோராயிரத்தால் ஆப்பரேஷனும் நடந்திருக்காது. சத்தியம் வாங்கிய மருதமுத்து செய்தது பெரிய தவறு. ஊராருக்குக் கொடுத்தே பழகியவர், தாம் வாங்கிக்கொள்ளும் முறை வந்தபோது ஊராருக்குக் கதவைச் சாத்திவிட்டார். ஆனாலும் அந்தக் கதவில் ஒரு சந்து இருந்தது. நின்று கேட்கக் கூடாது என்றுதான் அவர் சொன்னார். வகாப் பாயோ கேட்காமலே கொடுக்க வந்தார். அதை வாங்கியிருந்தால் சத்தியம் உடைந்திருக்காது, மருதமுத்துவும் பிழைத்திருக்கக்கூடும். தவறு நடந்த இடம் அந்த டீக்கடை. இதை உங்களுக்குச் சொன்னேன், உங்களோடே இருக்கட்டும். செங்கமலத்திடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவள் தாங்க மாட்டாள்.