காரணம் என்கிற கட்டம்

நர்ஸ் ஜெபசீலி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கி வந்த வேகத்துக்கு வராந்தாவில் நின்ற கூட்டமே விலகி வழிவிட்டது. இடது கை விரலை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியாகிவிட்டது. கோபம்தான் கழுவியும் போகவில்லை.

நேரே நர்கீஸ் பானுவின் அறைக்குள் போனாள். வேலையில் தவறி ஊசி குத்திக்கொண்டவர்கள் எல்லாரும் போகிற அறை அது. நர்கீஸ் அவளைவிட ஆறு வயது இளையவள். ஆனாலும் ஊசியை எப்படிப் பிடிப்பது, எங்கே போடுவது என்று அந்த ஆஸ்பத்திரிக்கே வகுப்பெடுத்தவள் என்பதால், தலை நரைத்த நர்ஸ்கள்கூட மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ், பெரிய டாக்டர் தையல் போட்ட ஊசியை ரத்தப் பஞ்சுக்கு அடியில போட்டுட்டுப் போயிட்டாரு. டிரேயை எடுத்தேன், கிளவுஸைத் தாண்டி ஏறிடுச்சு. கேட்டா, 'பார்த்து எடுக்கக் கூடாதா'ங்கிறாரு! போட்ட மனுஷனுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"முதல்ல எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை. பேஷன்ட் ரத்தம் டெஸ்ட்டுக்குப் போயாச்சா?"

"போயாச்சு."

ஜெபசீலி மாத்திரையை விழுங்கினாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இனி மாசக்கணக்கில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை செத்துப் பிழைக்க வேண்டும். அந்த மனுஷன் இந்நேரம் மேலே காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

"நெஞ்சு எரியுது மிஸ். இந்தக் கோபத்தை எப்படி அடக்குறது?"

நர்கீஸ் ஒரு ஃபாரத்தை நீட்டினாள்.

பெயர், நேரம், எந்த விரல் என்று எல்லாம் ஜெபசீலி எழுதினாள். 'காயத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. டாக்டர் பெயரை எழுதிவிட்டு நாளைக்கு அதே முகத்தில் விழிக்க வேண்டுமே! 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தாள். சே, என்ன பிழைப்பு இது.

நர்கீஸ் படித்துப் பார்த்தாள். பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் போட்டாள்.

"படிங்கக்கா."

புரட்டினாள். கவனக்குறைவு. அடுத்த தாளிலும் கவனக்குறைவு. அதற்கடுத்ததிலும் அதேதான். கடைசித் தாளில் கையெழுத்து இல்லை, கைநாட்டு. துப்புரவுத் தொழிலாளி மாரிக்கனி. போன மாதம் தியேட்டர் குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி அவள் தொடையில் ஏறியது. அவளுக்கு எழுதத் தெரியாது. காரணம் என்ற கட்டத்தில், 'மாரிக்கனியின் கவனக்குறைவு' என்று இருந்தது.

அது ஜெபசீலியின் எழுத்து.

"குப்பைப் பையில ஊசியைப் போட்டது யாரு?" என்றாள் நர்கீஸ்.

"இதே டாக்டர்தான்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இந்தத் தாளைக் காட்டித்தான் அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்தினாங்க. ஒரு கேள்வி கேக்காம வாங்கி உள்ள வச்சவ நான்."

ஜெபசீலிக்குக் காதுவரை சுட்டது. "அடிப்பாவி, என் கையாலயே எழுதினேனே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டாக்டர்மேல் இருந்த ஆத்திரம் குறையவில்லை. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

"இப்ப இதை எப்படி மிஸ் அடக்குவேன்?"

நர்கீஸ் இரண்டு புது ஃபாரங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"ஏன்க்கா அடக்கணும்? ஆறுறதுக்குள்ள எழுதுங்க. முதல்ல மாரிக்கனியோடது."