லாக்கப்புக்குள் கொதித்த சொதி

சமையல்காரர் தங்கப்பழத்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதைத் தெருவே பார்த்தது. கல்யாண வீட்டில் இன்ஸ்பெக்டரின் மச்சானை எதிர்த்துப் பேசியதுதான் அவர் செய்த குற்றம். ஆனால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கைதானவர்களின் பெயரை ஒட்டும் பலகையில் அவர் பெயரைக் காணோம். காவல்துறை இணையதளத்திலும் இல்லை. கணக்கில் வராத ஆளை அடித்துப் போட்டால்கூடக் கேட்க நாதியில்லையே என்று அவர் மனைவி பேச்சித்தாய் பயந்தாள். தெரிந்த வக்கீலம்மா ஒருவரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "தங்கப்பழமா? அப்படி யாரையும் நாங்க பிடிக்கலையே. உள்ளே இருந்தா நீயே காட்டு, இப்பவே எழுதிக்கிடுதேன்."

பேச்சித்தாய் அழவில்லை. வக்கீலம்மா பக்கம் திரும்பி, கட்டடமே அதிரும் குரலில் சொன்னாள். "அப்போ நாளைக்கு அவுக ஒத்துக்கிட்ட கல்யாணச் சமையலை நானே பாத்துக்கிடுதேன் வக்கீலம்மா. தேங்காய்ப்பால் சொதிக்கு நல்லாப் புளியைக் கரைச்சு ஊத்திர வேண்டியதுதான்!"

உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "ஏட்டி! சொதிக்குப் புளியா? என் மானத்தை வாங்காதட்டி! எலுமிச்சம்பழம்லா பிழியணும்!"

இன்ஸ்பெக்டருக்கு வேர்த்தது. "அது... ரேடியோ."

"அப்படியா ஐயா?" என்றவள் மறுபடி குரல் கொடுத்தாள். "ரேடியோ, எத்தனை தேங்காய் உடைக்கணும்?"

"பந்திக்கு எத்தனை பேருன்னு முதல்ல சொல்லுட்டி!"

வாசலில் நின்ற ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த ரேடியோவை எந்த மாஜிஸ்திரேட் முன்னாடி ஆஜர்படுத்தப் போறீங்க, சார்?"

இன்ஸ்பெக்டர் கைதுப் பதிவேட்டை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.