பத்தாயிரத்து ஏழு கன்றுகள்

அரண்மனைக்குப் பத்தாயிரத்து ஏழு கமுகங்கன்றுகள் வந்து இறங்கின. எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை, ஒரு கன்றுகூட மிஞ்சக் கூடாது, ஒற்றை வரிசையாக நீட்டவும் கூடாது என்று அரசர் உத்தரவு போட்டார். தோட்டக்காரன் மாசாணம் நாலு நாள் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு, "முடியாதுங்க" என்றான். அவ்வளவுதான். திமிர் என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டார்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் வந்து அதையே சொன்னால் விடுதலை.

பொறுப்பு ஆதிமூலத்திடம் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் கணக்குப் படிக்க வந்த சீடர். குரு பூரணி அம்மைக்கு முப்பதுகூட ஆகவில்லை.

ஆதிமூலம் வரிசைக்கு இரண்டு கன்று, மூன்று, நான்கு என்று வகுக்கத் தொடங்கினார். பதினோரு நாள் ஓடிவிட்டது. மாசாணத்தின் மனைவி சிலம்பாயி தினமும் வாசலில் வந்து நின்று, "ஆச்சுங்களா?" என்பாள். "இன்னும் கொஞ்சம்தாம்மா" என்பார் இவர். கதை சொல்லும் எனக்கே எரிச்சல் வருகிறது.

பன்னிரண்டாம் நாள் காலை பூரணி வந்து பார்த்தார்.

"எது வரைக்கும் வந்திருக்கீங்க?"

"வரிசைக்கு ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பது, தாயே. ஏழு வரிசை வருது. நாலு கன்று மிச்சம்."

"வரிசைக்கு ஏழு வெச்சப்போ?"

ஏட்டைப் புரட்டினார். "ஆயிரத்து நானூற்று இருபத்தொன்பது வரிசை. மிச்சம்... நாலு."

சொல்லிவிட்டு அவரே விழித்தார்.

பூரணி அவரைக் கொல்லையில் இருந்த கத்தரிப் பாத்திக்கு அழைத்துப் போனார். "எத்தனை வரிசை?"

"மூணு. வரிசைக்கு அஞ்சு செடி."

"இப்படிப் பக்கத்துல வந்து நில்லுங்க. இப்போ?"

"அஞ்சு வரிசை. வரிசைக்கு மூணு."

"வேற பாத்தியா?"

"அதேதான்."

"வரிசைக்கு நூறு வெச்சா நூறு வரிசை, ஏழு மிச்சம். நூறைத் தாண்டி எதை வெச்சாலும் வரிசை நூறுக்குக் கீழேதான் வரும். நூறு வரைக்கும் பார்த்தாச்சா?"

"முதல் நாளே பார்த்தாச்சு. எதுவும் சரியா வரலை."

"அப்போ அதுக்கு மேலேயும் வராது. பாத்திக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு அதே செடியைத் திரும்ப எண்ணிக்கிட்டிருக்கீங்க."

"அடக் கடவுளே!" ஆதிமூலம் தலையில் அடித்துக்கொண்டார். "ஆனா அரசர், பத்தாயிரம் வரைக்கும் பார்த்தீரான்னு கேட்டா?"

"நூறு வரைக்கும் பார்த்தேன், அது போதும்னு சொல்லுங்க. குரலை இழுக்காம சொல்லுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். இத்தனை நாள் இல்லாத தெம்பு வந்திருந்தது. வாசலில் சிலம்பாயியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"தாயே, முதல் நாளே முடிஞ்ச வேலை. மிச்சப் பத்து நாளுக்கு இவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"அரண்மனை வரைக்கும் கூடவேதான் வரப் போறாங்க. நடந்துக்கிட்டே நீங்களே சொல்லுங்க."